கேரல் ஆராதனைக்கு முன்னுரை எழுதுகிறேன்: இந்தக் கதைகளில் எதை நம்பி வாசிக்கலாம்?

ஆல்ட்டோ_குரல்:

எங்கள் பாடகர் குழுவின் கேரல் ஆராதனையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு நிமிட முன்னுரை உண்டு. இந்த முறை அதை எழுதி வாசிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பாட்டு எப்படிப் பிறந்தது, மரம், மெழுகுவர்த்தி வளையம், குடில் இவற்றுக்கெல்லாம் என்ன பொருள் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

கேட்ட இடத்திலெல்லாம் வாட்ஸ்அப் கதைகள்தான் கிடைக்கின்றன. எலி ஆர்கனின் துருத்தியைக் கடித்துவிட்டதால் அவசர அவசரமாக எழுதப்பட்டதுதான் "ஒப்பில்லா திரு இரா" (ஆங்கிலத்தில் "சைலண்ட் நைட்") என்கிறார்கள். கிறிஸ்துமஸின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பரிசு என்று அடுக்கிப் பாடும் ஆங்கிலப் பன்னிரண்டு நாள் பாட்டு, துன்புறுத்தலுக்குப் பயந்து கத்தோலிக்கர்கள் பிள்ளைகளுக்கு ரகசியமாக வேதபாடம் சொல்லிக்கொடுத்த சங்கேத மொழியாம். வளைந்த சிவப்பு வெள்ளை மிட்டாய் இயேசுவின் பெயரின் முதல் எழுத்தாம். விண்மீன்களைப் பார்த்து மயங்கிய மார்ட்டின் லூத்தர்தான் முதன்முதலில் மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினாராம்.

எல்லாமே கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வாசிக்கப்போவது பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு. பிள்ளைகள் அதை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். நிஜம் எது என்று தெரியாமல் வாசிக்க மனம் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

பெடல்_நோட்டு:

சிஸ்டர், இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கேரல் ஆராதனைகளில் ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்து இந்த எலிக்கதையை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கும். நடந்த கதை அதைவிடப் பல மடங்கு நல்ல கதை.

நடந்தது இதுதான். யோசேப் மோர் என்ற இளம் குருவானவர் 1816-ல் ஆஸ்திரியாவின் மரியாப்ஃபார் என்ற மலையூரில் இருந்தபோது அந்தக் கவிதையை எழுதினார். நெப்போலியன் போர்கள் ஓய்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக 1816-ல் ஐரோப்பாவில் கோடைகாலமே சரியாக வரவில்லை. பயிர் அழிந்து பஞ்சம் வந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் எழுதியதுதான் "அமைதியான இரவு" என்று தொடங்கும் பாட்டு. இதைச் சொன்னாலே சபை நிமிர்ந்து உட்காரும்.

1817-ல் மோர் சால்ஸ்பர்க் பக்கத்தில் ஓபர்ன்டோர்ஃப் என்ற ஊரின் புனித நிக்கொலாஸ் ஆலயத்துக்கு வந்தார். பக்கத்து ஊரான ஆர்ன்ஸ்டோர்ஃபில் பள்ளி ஆசிரியராக இருந்த ஃப்ரான்ஸ் க்ஸாவர் க்ரூபர்தான் அந்த ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். 1818 டிசம்பர் 24-ஆம் தேதி மோர் அந்தக் கவிதையை அவரிடம் கொடுத்து, இரண்டு தனிக்குரல், கூட்டுக்குரல், கிட்டார் இவற்றுக்குப் பொருந்துகிற மாதிரி மெட்டுப் போடச் சொன்னார். அன்று இரவே பாடினார்கள். மோர் டெனர் பாடி கிட்டாரும் வாசித்தார், க்ரூபர் பேஸ் பாடினார். ஒவ்வொரு சரணத்தின் கடைசி அடிகளையும் குழு திருப்பிப் பாடியது.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், பாட்டு ஊர் ஊராகப் பரவி, இயற்றியவர் பெயரே காணாமல் போய்விட்டது. பெரிய இசையமைப்பாளர்கள் யாரோ போட்ட மெட்டு என்றுகூட நினைத்தார்கள். பெர்லின் அரசவை இசைக்குழுவிலிருந்து விசாரணை வந்ததும், 1854 டிசம்பர் 30 அன்று க்ரூபரே தன் கையால் நடந்ததை எழுதி வைத்தார். அந்தக் குறிப்பில் எலியும் இல்லை, ஆர்கன் கெட்டுப்போனதும் இல்லை. எலி பிற்காலத்தில் கதை சொன்னவர்கள் சேர்த்தது. மோர் 1848-லேயே இறந்துவிட்டார், கையில் காசில்லாத நிலையில். அவர் கைப்பட எழுதிய பிரதி 1995-ல்தான் வெளியே வந்தது. அதில் கவிதைக்கு 1816 என்ற வருடமும் மெட்டுக்கு க்ரூபரின் பெயரும் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் கட்டாயம் சேருங்கள். மூலப் பாட்டுக்கு ஆறு சரணங்கள். உலகம் முழுக்கப் பெரும்பாலும் மூன்றைத்தான் பாடுகிறார்கள். விட்டுப்போனவற்றில் நான்காவது சரணம், இயேசு உலகத்தின் எல்லா ஜனங்களையும் சகோதரனாக அணைத்துக்கொண்டார் என்று சொல்கிறது. போர் முடிந்த மறுவருடம் எழுதியவர் வேறு எதை எழுதுவார்? என்னைக் கேட்டால் அந்தப் பாட்டின் நெஞ்சே அந்தச் சரணம்தான். முன்னுரையில் அதன் கருத்தையாவது வாசியுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பன்னிரண்டு நாள் பாட்டு 1780 வாக்கில் லண்டனில் ஒரு சிறுவர் புத்தகத்தில் அச்சானது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறக்காமல் அடுக்கிக்கொண்டே போகும் ஞாபக விளையாட்டு அது. சங்கேதக் கதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிளம்பியது. பாட்டின் எண்களுக்கு அந்தக் கதை சொல்கிற திரித்துவம், நான்கு சுவிசேஷம், பத்துக் கட்டளை எல்லாம், துன்புறுத்தியதாகச் சொல்லப்படும் ஆங்கிலிக்கன் சபையும் ஏற்றுக்கொண்டவைதான். அவற்றை யாரிடமிருந்து ஒளிக்க வேண்டும்? மிட்டாய்க் கதைக்கும் ஆதாரம் இல்லை, விட்டுவிடுங்கள்.

"கேள் ஜென்மித்த ராயர்க்கே" (ஆங்கிலத்தில் "ஹார்க்! த ஹெரால்ட் ஏஞ்சல்ஸ் சிங்") உங்கள் பட்டியலில் இருக்கிறதா? அதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். சார்லஸ் வெஸ்லி வரிகளை எழுதியது 1739-ல். இன்று நாம் அறிந்த ஆங்கில முதல் அடி ஜார்ஜ் விட்ஃபீல்ட் 1753-ல் மாற்றியது. மெட்டு ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சனுடையது. ஆனால் கிறிஸ்துமஸுக்காகப் போட்டதே இல்லை. அச்சுக்கலையின் 400-ஆம் ஆண்டை லைப்ஸிக் நகரம் 1840-ல் கொண்டாடியபோது, கூட்டன்பெர்க்கைப் போற்றி எழுதிய பாடலில் வருகிற பகுதி அது. இந்த மெட்டுக்குப் பக்திப் பாடல் வரிகள் ஒருபோதும் பொருந்தாது என்று மெண்டல்சனே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் மறைந்து எட்டு வருடம் கழித்து, 1855-ல், வில்லியம் கம்மிங்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர் இரண்டையும் சேர்த்துவிட்டார். வெஸ்லியும் மெண்டல்சனும் நினைத்தே பார்க்காத ஒரு பாட்டைத்தான் நாம் பாடுகிறோம். அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. அந்த மெட்டு எழும்பும் இடத்தில் குழு முழுக்க மூச்சை இழுத்துக்கொண்டு ஏறுவதை ஆர்கனிலிருந்து கேட்கும்போது, இது வேறு எதற்காகப் பிறந்திருக்கும் என்றுதான் தோன்றும்.

ஞாயிறு_வகுப்பு:

மரத்தையும் வளையத்தையும் பற்றி நான் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு வருடா வருடம் எடுக்கிற பாடம் இது.

லூத்தர் மரத்தில் விளக்கேற்றினார் என்பதற்கு அவர் காலத்துச் சான்று எதுவும் இல்லை. மரத்தின் வேரைத் தேடினால் நாம் போய்ச் சேருவது ஆதாம் ஏவாளிடம். பழைய நாட்காட்டியில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நாள். ஜெர்மன் பகுதிகளில் அந்தச் சமயத்தில் ஏதேன் தோட்ட நாடகம் போடுவார்கள். குளிர்காலத்தில் பசுமையாக நிற்பது ஊசியிலை மரம்தான் என்பதால் அதில் ஆப்பிளைக் கட்டித் தொங்கவிட்டு, விலக்கப்பட்ட கனியின் மரமாக வைப்பார்கள். 1605-ல் ஸ்ட்ராஸ்பர்க் வந்த ஒருவர் வீடுகளுக்குள் இருந்த மரங்களைப் பார்த்து எழுதிய குறிப்பு கிடைத்திருக்கிறது. பல நிறக் காகித ரோஜாக்கள், ஆப்பிள், மெல்லிய அப்பம், தங்கத் தகடு, இனிப்பு எல்லாம் தொங்கின என்கிறார். மனிதன் பாவத்தில் விழுந்த கதையின் கனியும் மீட்பின் அப்பமும் ஒரே கிளையில்! சிவப்பு உருண்டையைக் கையில் எடுத்து "இது ஒரு காலத்தில் ஆப்பிள்" என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளின் கண் விரியும். கண்ணாடி உருண்டைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் துரிங்கியாவின் லௌஷா என்ற கண்ணாடித் தொழில் ஊரிலிருந்து பரவின. 1848-ல் விக்டோரியா மகாராணி குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு மற்ற நாடுகளும் பிடித்துக்கொண்டன.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்பு வாரங்களான அட்வெந்து காலத்தின் மெழுகுவர்த்தி வளையம் நாம் நினைக்கிற அளவுக்குப் பழையது இல்லை. ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய போதகர் யோஹான் ஹின்ரிச் விஹெர்ன், "கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது" என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக 1839-ல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டார். வாரநாளுக்குச் சிறிய சிவப்பு, ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை. தினம் ஒன்று ஏற்றி நாளை எண்ணினார்கள். பிறகுதான் அது சுருங்கி நான்கு மெழுகுவர்த்தியாக, பசுந்தழை சுற்றிய வளையமாக ஆனது. நம்பிக்கை, சமாதானம், சந்தோஷம், அன்பு என்ற பொருளெல்லாம் பின்னால் சேர்ந்தவை. சேர்ந்ததால் தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் காத்திருக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகப் பிறந்தது என்பதை முதலில் சொல்லுங்கள்.

தேடுபவன்_77:

எல்லாம் சரி, ஆனால் அடிப்படையே புறமதம்தானே? டிசம்பர் 25 ரோமர்களின் சூரியக் கடவுள் திருநாள். சபை அதை எடுத்துக்கொண்டது. இதை ஏன் யாரும் முன்னுரையில் சொல்வதில்லை?

பெடல்_நோட்டு:

பிரதர், கேள்வி நியாயமானது. அவுரேலியன் பேரரசர் 274-ல் வெல்லப்படாத சூரியனுக்கு ரோமில் ஆலயம் கட்டினார், அது உண்மை. ஆனால் டிசம்பர் 25 சூரியனின் நாள் என்று சொல்கிற பழைய ஆவணமும், அது கிறிஸ்து பிறந்த நாள் என்று சொல்கிற பழைய ஆவணமும் ஒன்றுதான்: 354-ஆம் ஆண்டு ரோம நாட்காட்டித் தொகுப்பு. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதை அதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. இயேசு சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று மேற்கத்திய சபையில் பழங்காலத்திலேயே கருதினார்கள். கருவில் உருவானதும் அதே தேதி என்ற எண்ணம் இருந்தது. மார்ச் 25-லிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. ஆர்மேனிய சபை இன்றும் ஜனவரி 6-ல் கொண்டாடுகிறது. அறிஞர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள், எனக்கு இந்த மார்ச் கணக்குதான் வலுவாகப் படுகிறது. கருவில் வந்ததையும் சிலுவையையும் ஒரே நாளில் முடிச்சுப் போட்ட மனசு அதில் தெரிகிறது.

குடில்_கட்டுபவர்:

குடிலைப் பற்றி இரண்டே வரி, அக்கா. ஞானிகள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று என்பதால் ஆட்களையும் மூன்றாக்கிவிட்டார்கள். ராஜாக்கள் ஆனது சங்கீதம் 72-ஐ வைத்து. அவர்கள் வந்தது முன்னணைக்கு இல்லை, வீட்டுக்கு. மாடும் கழுதையும் லூக்காவில் கிடையாது. எஜமானை மாடும் ஆண்டவனின் முன்னணையைக் கழுதையும் அறியும் என்கிற ஏசாயா 1:3-லிருந்து குடிலுக்குள் வந்தவை. அசிசியின் பிரான்சிஸ் 1223-ல் இத்தாலியின் க்ரெச்சோ ஊரில் வைக்கோல் போட்ட முன்னணையோடு உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தித்தான் அந்த இரவின் பூசையை நடத்தச் செய்தார். குடில் கட்டும்போது கழுதையை மூலையில் ஒதுக்காதீர்கள். எனக்கு அது முக்கியமான சாட்சி.

ஆல்ட்டோ_குரல்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எலி, மிட்டாய், சங்கேதம் மூன்றையும் அடித்துவிட்டேன். சக்கரமும் ஆப்பிளும் உள்ளே வந்தாயிற்று. பெடல்_நோட்டு அண்ணா, ஒரு சந்தேகம் மட்டும். "ஜாய் டு த வேர்ல்ட்" பாட்டைத் தொடக்கத்தில் வைப்பதா, முடிவிலா? குழுவில் இரண்டு கட்சி.

பெடல்_நோட்டு:

முடிவில் வையுங்கள், சிஸ்டர். ஐசக் வாட்ஸ் 1719-ல் சங்கீதங்களைத் தழுவி எழுதிய தொகுப்பில் 98-ஆம் சங்கீதத்துக்கு எழுதியது அது. வரிகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள், மேய்ப்பர் இல்லை, முன்னணை இல்லை, நட்சத்திரம் இல்லை. ஆளப்போகிற ராஜாவின் வருகைதான் அதில் இருக்கிறது. மூன்றாவது சரணத்தில், சாபம் எட்டிய இடமெல்லாம் அவருடைய ஆசீர்வாதம் பாயும் என்கிறார். ஆதாமுக்குச் சொன்ன சாபத்தின் முள் அங்கே வருகிறது. ஞாயிறு_வகுப்பு சொன்ன ஆப்பிள் மரத்தின் முன்னுரையை இந்தப் பாட்டுக்கு முன்னால் வாசித்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நேரம் போதவில்லை என்று பல குழுக்கள் வெட்டுவது அந்த மூன்றாவது சரணத்தைத்தான். நீங்கள் வெட்ட வேண்டியிருந்தால் வேறு பாட்டில் வெட்டுங்கள்.