மாலையில் சூடாக ஒரு தட்டு: ஸ்லோ குக்கர் கோழி பாஸ்தா அனுபவங்கள்

செந்தூல் மகள்:

அப்பாவுக்கு 74 வயது. கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. போன தீபாவளிக்குப் பிறகு அப்பாவுக்குக் கீழ்ப்பற்கள் முழுவதையும் எடுக்க வேண்டி வந்தது. ஈறு ஆறி, பல் செட் சரியாகப் பொருந்த மாதக்கணக்கில் ஆகும், அதுவரை மெத்தென்று இருப்பதையே கொடுங்கள் என்றார்கள்.

மெத்தென்ற சாப்பாடு என்றால் நம் வீட்டில் கஞ்சிதான். நான்கு நாள் குடித்தார். ஐந்தாம் நாள் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரியில உங்கம்மாவுக்கு இதத்தானே ஊட்டுனோம்" என்றார். அதற்குமேல் நான் கஞ்சி வைக்கவில்லை.

நான் கேஎல் சென்ட்ரல் பக்கம் வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்குக் கொமுட்டர் ரயில் பிடித்தால், திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறக்க மாலை ஏழு ஆகிவிடும். அதன்பிறகு கோழி வேகவைத்து, அவர் ஈறால் மசிக்கும் அளவுக்குக் குழைய விட்டுப் பரிமாற ஒன்பது மணி தாண்டும். அதற்குள் அப்பா பிஸ்கட்டைக் கோப்பியில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்கிய, மின்சாரத்தில் மணிக்கணக்காக மெதுவாக வேகவைக்கும் 3.5 லிட்டர் ஸ்லோ குக்கர் அலமாரியில் சும்மா கிடந்தது. தம்பி பிள்ளைகள் வரும்போது அப்பாவும் அவர்களோடு உட்கார்ந்து பாஸ்தா சாப்பிடுவார். சரி, இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதல் முறை எல்லாவற்றையும் காலையிலேயே போட்டுவிட்டேன். கோழி நெஞ்சுக்கறி, தக்காளி, பால், பாஸ்தா, நிறையத் தண்ணீர். மாலையில் மூடியைத் திறந்தால் பாஸ்தா கரைந்து களியாகக் கிடந்தது. பால் திரிந்து புள்ளி புள்ளியாக மிதந்தது. அத்தனை நீருக்குள் கிடந்தும் நெஞ்சுக்கறி பஞ்சு போல வறண்டிருந்தது. அப்பா இரண்டு கரண்டி சாப்பிட்டார். குறை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த அமைதிதான் எனக்கு வலித்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். நெஞ்சுக்கறியை விட்டுவிட்டுத் தொடைக்கு மாறினேன். தொடையில் கொழுப்பும் சவ்வும் அதிகம். மெதுவாக வேகும்போது அந்தச் சவ்வு உருகிச் சாற்றுக்கே ஒரு வழுவழுப்பைக் கொடுக்கிறது, கறியும் கரண்டி பட்டாலே எலும்பை விட்டு வந்துவிடுகிறது. தோலை உரித்துவிட வேண்டும், இல்லையென்றால் ரப்பர் போல ஆகிவிடும். தண்ணீரைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். மூடிக்குள்ளேயே நீராவி தங்குவதால் எதுவும் வற்றுவதில்லை. வெங்காயமும் தக்காளியும் கோழியும் விடும் நீரே ஏறக்குறையப் போதும்.

இப்போது நான் செய்வது இப்படி. முதல் நாள் இரவு இரண்டு பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு கரண்டி சோம்பு, இடித்த மிளகு, ஒரு கொத்து கறிவேப்பிலை எல்லாவற்றையும் எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, 400 கிராம் டின் தக்காளியை ஊற்றிக் கிளறி, ஆறியதும் ஒரு டப்பாவில். ஆறு தொடைத் துண்டுகள் உப்பு, மஞ்சள் தடவி இன்னொரு டப்பாவில். இரண்டும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விடும். பீங்கான் பானையை உள்ளே வைப்பதில்லை. சில்லென்ற பானையைச் சூட்டில் வைத்தால் விரிசல் விடக்கூடும். காலை பதினொரு மணிக்கு அப்பா டப்பாக்களைப் பானையில் கவிழ்த்து, அரைக் கப் தண்ணீர் விட்டு, குறைந்த சூடான லோவில் வைப்பார். ஆறே கால் மணிக்கு ஸ்டேஷனில் இருந்து நான் போன் அடிப்பேன். அவர் அதிகச் சூடான ஹைக்கு மாற்றி, ஒன்றரைக் கப் கொதிநீர் ஊற்றி, 200 கிராம் பாஸ்தாவைப் போட்டு, சாற்றுக்குள் அமிழ்த்திவிட்டு மூடிவிடுவார். நான் வந்ததும் குக்கரை அணைத்து, கிரீம் கால் கப், கொஞ்சம் சீஸ். பால் பொருளெல்லாம் கடைசியில்தான். முன்னாலேயே போட்டால் அந்தச் சூட்டிலும் தக்காளிப் புளிப்பிலும் திரிந்துவிடும்.

அப்பாவிடம் இந்த வேலையைக் கொடுத்தது என் நேரத்துக்காகத்தான். ஆனால் பதினொரு மணிக்கு ஒரு காரியம் இருக்கிறது என்று அவர் குளித்து, சட்டை மாற்றி, கடிகாரத்தைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். ஒரு நாள் சாப்பிடும்போது அவராகவே பேசினார். "எங்கம்மா மொச்சைய தணல்ல ஏத்தி வெச்சிட்டுத்தான் இருட்டுல மரம் சீவப் போவாங்க. வெயில் ஏறி லயத்துக்கு வரும்போது சட்டி வெந்து கெடக்கும். அதே வாசம்." பாட்டியைப் பற்றியும் ரப்பர் தோட்டத்தைப் பற்றியும் அன்று இரவு பத்தரை வரை பேசினார். அம்மா போன பிறகு அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்கிறவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.


பிரிக்பீல்ட்ஸ் அறைவாசி:

அக்கா, நான் வாடகை அறையில் தனியாக இருக்கிறேன். கேஸ் அடுப்பு வைக்கக்கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட கட்டளை. என்னிடம் இருப்பது ஒரு ரைஸ் குக்கர், ஒரு கெட்டில், ஒரு சின்ன ஸ்லோ குக்கர். மூன்று மாதம் தொடர்ந்து கடையில் கட்டி வாங்கும் தாப்பாவ் சாப்பிட்டு வயிறு கெட்ட பிறகுதான் சமைக்கத் தொடங்கினேன்.

பாஸ்தாவை நான் பானையில் போடுவதே இல்லை. அகல வாய் பிளாஸ்கில் மக்ரோனியைப் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி இறுக மூடிவிட்டுக் குளிக்கப் போவேன். வரும்போது வெந்திருக்கும். வடித்து, கோழிச் சாற்றில் கலந்தால் முடிந்தது.

நேரத்துக்கு டைமர் பிளக் வைத்திருக்கிறேன். காலை எட்டுக்குப் பச்சைக் கோழியைப் பானையில் போட்டுவிட்டுப் போவேன், மதியம் ஒரு மணிக்குத் தானாகச் சூடேறும். இதுவரை பிரச்சினை இல்லை.


ஜாலான் ஈப்போ சமையல்காரர்:

தம்பி, அந்த டைமர் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பதினெட்டு வருடம் ஓட்டல் சமையலறையில் நின்றவன் சொல்கிறேன். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஊரில் பூட்டிய அறைக்குள் சாதாரணமாகவே 30 டிகிரி இருக்கும். அதில் பச்சைக் கோழி ஐந்து மணி நேரம் கிடக்கிறது. பிறகு ஸ்லோ குக்கரும் உடனே கொதிப்பதில்லை, சூடு ஏறவே அது நேரம் எடுக்கும். கிருமி செத்தாலும் சில வகைக் கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு சமைத்தாலும் போகாது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்பாதீர்கள்.

நேரம் பொருந்தவில்லை என்றால் இரவில் வையுங்கள். பதினொரு மணிக்கு லோவில் போட்டால் காலை ஆறுக்கு வெந்திருக்கும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஊற்றி, ஆவி அடங்கியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். மாலையில் சூடு பண்ண ஸ்லோ குக்கர் வேண்டாம், அது மிகவும் மெதுவாகச் சூடேற்றும். ரைஸ் குக்கரில் ஊற்றி நன்றாகக் கொதிக்க விடுங்கள்.

உறைந்த கோழியை அப்படியே போடுவதும் இதே காரணத்தால் தவறு. முதல் நாளே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். வெந்துவிட்டதா என்ற சந்தேகம் வந்தால், சமையல் தெர்மோமீட்டரை எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். 74 டிகிரி காட்ட வேண்டும். இன்னொன்று, பாஸ்தாவோடு சிவப்பு ராஜ்மாவும் சேர்க்கிறவர்கள் பச்சையாகப் போடவே கூடாது. அதில் இருக்கும் ஒரு நச்சுப் புரதம் லோ சூட்டில் முழுதாக அழியாது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் தனியாகக் கொதிக்கவைத்துப் பிறகு சேருங்கள், அல்லது டின்னில் வருவதை வாங்குங்கள்.

செந்தூல் தங்கச்சி, உங்கள் அப்பா சொன்னதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. இந்தப் பானையை அமெரிக்காவில் உருவாக்கியவர் இர்விங் நாக்சன். 1940இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவருடைய தாய் லித்துவேனியாவில் வில்னியஸ் நகரில் வளர்ந்தவர். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள், அன்று அடுப்பு மூட்டக்கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை மாலையே பயறும் கறியும் போட்ட சட்டியை ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோய், அணைந்துகொண்டிருக்கும் அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவு முழுக்க வைத்திருப்பார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு சோலன்ட் என்று பெயர். தாய் சொன்ன அந்தக் கதையில் இருந்துதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. உங்கள் பாட்டியின் மொச்சைச் சட்டியும் அதுவும் ஒரே சமையல்தான். அப்பாவிடம் சொல்லுங்கள்.


பட்டர்வொர்த் அக்கா:

நான் பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். ஏழு முதல் ஏழு. கம்பெனி பஸ் ஐந்தரைக்கே வந்துவிடும், பினாங்குப் பாலத்தில் நெரிசல் இருந்தால் வண்டி ஊர்ந்துதான் போகும். வீட்டில் ஒன்பது வயதும் ஆறு வயதுமாக இரண்டு பிள்ளைகள். கணவர் லாரி ஓட்டிவிட்டு வீடு சேர ஏழு மணி ஆகும், அதுவரை பக்கத்து வீட்டு மலாய் அக்காதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். நாங்கள் அவரைக் காக் என்றே கூப்பிடுவோம். பாஸ்தா என்று நான் ஒன்றும் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. அவர் வீட்டு மக்ரோனி சூப்பைத்தான் ஸ்லோ குக்கருக்கு மாற்றிக்கொண்டேன்.

கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழி, பாதி வாங்குவேன். பண்ணைக் கோழியைவிடக் கெட்டி, ஆனால் மெதுவாக வேகும்போது அதன் ருசி தனி. அடியில் உருளைக்கிழங்கும் கேரட்டும். அவை கறியைவிடத் தாமதமாக வேகும், அதனால் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலே கோழி. கொத்தமல்லி விதை, சீரகம், சோம்பு, மிளகு, பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஒரு அன்னாசிப்பூ, எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் கட்டிப் போடுவேன். கடையில் பூஞ்சுட் என்று கட்டிய மூட்டையாகவே கிடைக்கிறது, ஆனால் வீட்டில் கட்டினால் பட்டையைக் குறைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கு அது உறைக்கும். தட்டிய இஞ்சி, பூண்டு, கொதிநீர் ஒன்றரை லிட்டர். காலை பதினொன்றரைக்கு ஹையில் வைத்தால் நான் கிளம்பும்போது வெந்திருக்கும். சூட்டை மட்டும் காக்கும் வார்மில் விட்டுவிட்டுப் போவேன். இரண்டு மணி நேரம்தான், அதற்குள் கணவர் வந்துவிடுவார்.

மக்ரோனியைத் தனியாக வேகவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் பிசறி மூடி வைத்துவிட வேண்டும். கிண்ணத்தில் மக்ரோனி, மேலே பிய்த்த கோழி, அதன் மேல் சூப். பொரித்த சின்ன வெங்காயமும் டாவுன் சூப் என்கிற செலரிக் கீரையும் தூவுவது கட்டாயம். பெரியவர்களுக்குச் சிலி பாடி என்கிற காரமான குட்டி மிளகாய் நசுக்கிப் போட்ட கிச்சாப் (சோயா சாஸ்) தனியாக. செந்தூல் தங்கச்சி, அப்பாவுக்குக் காரம் ஈறில் எரியும் என்றால் கிச்சாப்பை விட்டுவிடுங்கள், சூப்பே போதும்.

நான் இரவு ஷிப்டுக்கு மாறிய முதல் மாதம் சின்னவள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா இல்லாமல் வேண்டாம் என்பாளாம். அந்த மாதம் முழுக்க இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அவள் ஞாபகம்தான். மக்ரோனி சூப் வைத்த முதல் நாள் காலை எட்டு மணிக்கு நான் வீட்டுக்கு வந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயாகிவிட்டது. மேசை மேல் நோட்டுத் தாளில் மடித்த ஒரு பொட்டலம், உள்ளே பொரித்த வெங்காயம். அது தீர்ந்துபோவதற்குள் எனக்கென்று அவள் எடுத்து வைத்ததாகக் கணவர் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சூப்பைக் கொதிக்கவைத்து, அந்த வெங்காயத்தைப் போட்டுச் சாப்பிட்டேன். எல்லாருக்கும் அது பசியாறும் நேரம், எனக்கு அதுதான் இராச்சாப்பாடு.


பிரிக்பீல்ட்ஸ் அறைவாசி:

அண்ணே, டைமர் பிளக்கைக் கழற்றி விளக்குக்கு மாட்டிவிட்டேன். நேற்று இரவு பதினொன்றுக்கு வைத்தேன். மூன்று மணிக்கு வாசத்தில் விழிப்பு வந்தது, திறந்து பார்க்கலாமா?


ஜாலான் ஈப்போ சமையல்காரர்:

திறக்காதீர்கள். ஒரு தரம் திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். கண்ணாடி மூடி எதற்கு இருக்கிறது?


செந்தூல் மகள்:

எல்லாருக்கும் நன்றி. வில்னியஸ் கதையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ரொட்டிக்கடை அடுப்பா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அப்புறம், பாட்டி சட்டியின் மூடியைச் சுற்றி மாவு பூசி ஆவி போகாமல் அடைப்பார் என்றார். இது எனக்குத் தெரியாத செய்தி.

இன்று வெள்ளிக்கிழமை, வீட்டில் சைவம். நாளை பட்டர்வொர்த் அக்கா சொன்ன சூப் வைக்கப்போகிறோம். கம்போங் கோழியைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டுமாம், அப்பாவும் சந்தைக்கு வருகிறார். காலை ஏழுக்கே கிளம்ப வேண்டும் என்று இப்போதே செருப்பை வாசலில் எடுத்து வைத்துவிட்டார்.