நெருக்கடிச் செய்திகளில் படித்த ஆங்கிலச் சொற்கள் பேச்சில் வரவில்லை

கேள்வி: வாழைச்சேனை வாசகி

உயர்தரத்தைக் கலைப்பிரிவில் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களில், கையில் கிடைத்த ஆங்கிலப் பத்திரிகைகளை வாசித்து, தெரியாத சொற்களை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதத் தொடங்கினேன். இன்ஃப்ளேஷன் (பணவீக்கம்), டிஃபோல்ட் (கடனைக் கட்டத் தவறுதல்), பெயிலவுட் (நெருக்கடியில் விழுந்தவரைப் பணம் கொடுத்து மீட்டல்), ஹெயார்கட் என்று கொப்பி விரைவாகவே நிறைந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அகராதியில் கண்ட தமிழ்ப் பொருளும் இருக்கிறது. ஆனால் சென்ற மாதம் ஒரு நேர்முகப் பரீட்சையில் நாட்டின் நெருக்கடியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னபோது, 'ஸ்ரீலங்கா டிஃபோல்ட்டட் த லோன்' என்ற ஒரு வசனத்துக்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அதுவும் பிழை என்றார்கள். இப்படியே தொடர்வதா, கொப்பியை மூடிவைத்துவிட்டு இலக்கணத்திலிருந்து மறுபடி தொடங்குவதா என்று அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், கல்முனை

மகள், கொப்பியை மூட வேண்டாம். சொல்லுக்குப் பதிலாக வசனத்தை எழுதுங்கள். டிஃபோல்ட் என்ற வினைக்குப் பின்னால் எந்தக் கடன் என்று சொல்வதானால் 'ஒன்' என்ற சிறு சொல் வந்தே ஆக வேண்டும்: 'டிஃபோல்ட்டட் ஒன் இட்ஸ் டெப்ட்'. அகராதிப் பொருளை மட்டும் எழுதிவைத்ததால் அந்த 'ஒன்' உங்கள் கொப்பிக்குள் வராமலே போய்விட்டது.

செய்தியின் வரிசையோடு படித்தால் சொற்களுக்கிடையேயுள்ள வேறுபாடும் விளங்கும். 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தபோது பயன்பட்ட வினை 'சஸ்பெண்ட்'. மே மாதத்தில், வட்டிக்கான சலுகைக் காலமும் கடந்த பின்னர், மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்க அதை 'பிரி-எம்ப்டிவ் டிஃபோல்ட்', அதாவது முன்கூட்டியே தாமாக அறிவித்த கடன் தவறுகை, என்று குறிப்பிட்டார். அதேபோல, 2018 ஒக்டோபரில் பாராளுமன்றம் 'புரொரோக்' செய்யப்பட்டது, அதாவது அமர்வு ஒத்திவைக்கப்பட்டது. நவம்பர் 9 இல் 'டிசொல்வ்' செய்யப்பட்டது, அதாவது கலைக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் டிசம்பர் 13 இல் அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தது இரண்டாவதைத்தான். இந்தத் திகதிகளோடு சேர்த்துப் படித்த என் மாணவர்கள் அவ்விரு வினைகளையும் அதன் பின்னர் மாற்றி எழுதியதில்லை.

பெயிலவுட் என்பதை நீதிமன்றப் பிணை என்று எண்ணி, 'சர்வதேச நாணய நிதியம் இலங்கையைப் பிணையில் எடுத்தது' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. சிரித்துவிட்டுத்தான் திருத்தினேன். தோணிக்குள் ஏறிய தண்ணீரைச் சிரட்டையால் இறைத்து ஊற்றுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் என்று சொன்னதும், வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது.

தலைப்பு வரிகளில் மட்டும் கவனமாக இருங்கள். 2022 ஜூலை 13 இல் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மாலைதீவுக்குச் சென்றுவிட்ட பின்னரும் 'ஃபிளீஸ்' (தப்பியோடுகிறார்) என்று நிகழ்காலத்தில்தான் போட்டார்கள். அது பத்திரிகைத் தலைப்பின் வழக்கம். நேர்முகப் பரீட்சையில் 'ஃபிளெட்' என்று இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும்.

பதில்: வேளாண்மைக்காரன், சம்மாந்துறை

சேர் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக்கருத்து உண்டு. 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளைக்குத் தடை அறிவித்து, நவம்பரில் அதை நீக்கியபோது, 'பேன்' (தடை), 'லிஃப்ட்' (நீக்குதல்), 'யீல்ட்' (விளைச்சல்), 'ஷோர்ட்டேஜ்' (தட்டுப்பாடு) ஆகிய சொற்களை எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. யூரியா இல்லாமல் பெரும்போகப் பயிர் மஞ்சளாகி நின்ற வயலில் நான் நின்றதனால் அவை தாமாக மனதில் ஏறின. ஆனால் உழவு இயந்திரத்துக்குரிய உதிரிப்பாகம் ஒன்றைக் கொழும்புக் கடையில் தொலைபேசியில் ஆங்கிலத்தில் கேட்க வேண்டி வந்தபோது, 'ஷோர்ட்டேஜ்' தெரிந்த எனக்கு 'இருப்பில் இருக்கிறதா' என்று கேட்கத் தெரியவில்லை. தங்கச்சி, நெருக்கடிச் செய்தியை மட்டுமே வாசித்தால் பேச்சில் நெருக்கடி மட்டுமே வரும். வாரத்தில் இரண்டு நாளாவது விளையாட்டு, காலநிலை, விளம்பரம் ஆகியவற்றையும் வாசியுங்கள்.

பதில்: வங்கி ஊழியர், அக்கரைப்பற்று

சொல் விளங்கினாலும் வசனம் விளங்காமல் போகும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதமாக இருந்து, 2023 செப்டெம்பரில் 1.3 வீதமாகியது. 'இன்ஃப்ளேஷன் ஃபோல்ஸ்' என்ற செய்தியைக் கண்ட வாடிக்கையாளர் ஒருவர், "அப்படியென்றால் பருப்பின் விலை ஏன் இறங்கவில்லை?" என்று என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டார். இறங்கியது விலை ஏறும் வேகம். ஏறிய விலை ஏறியபடியே இருந்தது. விலைகள் உண்மையிலேயே இறங்கினால் அதற்கு 'டிஃப்ளேஷன்' என்று வேறு சொல் உண்டு. இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் இரண்டு வசனங்களில் விளக்க முடிந்தால், உங்கள் இரண்டு நிமிடத்தில் பாதி அதிலேயே கழிந்துவிடும்.

பயிற்சிக்கு அகராதியைவிட மத்திய வங்கியின் ஊடக அறிக்கைகள் நல்லவை. அவை மூன்று மொழிகளிலும் வெளிவருகின்றன. முதலில் தமிழை வாசித்து, நீங்களே ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு அவர்களுடைய ஆங்கிலத்தோடு ஒப்பிடுங்கள். அறிக்கைத் தமிழ் சற்று கரடுமுரடாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேட்டவரின் பதில்: வாழைச்சேனை வாசகி

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு முதல் பக்கத்திலிருந்த பதினெட்டுச் சொற்களை வசனங்களாக மாற்றி எழுதியதில், பதினொன்றுக்குத்தான் வசனம் வந்தது. ஹெயார்கட் என்பதில் இன்னும் நிற்கிறேன். முடிவெட்டுதலுக்குரிய சொல்லைக் கடனுக்கு எந்த வினையோடு சேர்ப்பது?

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், கல்முனை

'டேக்' என்பதோடு, மகள். கடன் கொடுத்தவர் தமக்கு வரவேண்டிய தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதால், 'த பொண்ட்ஹோல்டர்ஸ் டுக் எ ஹெயார்கட்' என்று அவரையே எழுவாயாக வைத்து எழுதுங்கள். மிச்சமிருக்கும் ஆறு சொற்களையும் இங்கேயே இடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.