எப்காட் உணவுத் திருவிழா: டிக்கெட்டுக்கு மேல் இன்னும் எவ்வளவு கொடுக்கலாம்?

வெண்பொங்கல்:
அக்டோபரில் குடும்பத்தோடு ஆர்லாண்டோ போகிறோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். அங்குள்ள டிஸ்னியின் எப்காட் பூங்காவில் அப்போது 'ஃபுட் அண்ட் ஒயின்' திருவிழா நடக்கும் என்பதால் ஒரு நாளை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். டிக்கெட் விலையே மூச்சு முட்டுகிறது. உள்ளே போனால் கடை கடையாகத் தனிக்காசு. போதாததற்கு, 'ராட்டட்டூயி' கார்ட்டூன் படத்தில் வரும் ரெமி எலியைத் தேடும் விளையாட்டுக்கு ஒரு வரைபடம் விற்கிறார்கள். கச்சேரியில் இடம் உறுதி என்று ஒரு சாப்பாட்டுப் பேக்கேஜும் விற்கிறார்கள். இதில் எது தேறும்? எங்களில் இருவர் சைவம்.

கறார்கணக்கு:
எதுவும் தேறாது. நாலு வாய்க்கு வருகிற ஒரு குட்டித் தட்டு 6 முதல் 10 டாலர் வரை. பலகையில் போட்டிருக்கும் விலைக்கு மேல் ஆறரை சதவீத விற்பனை வரி வேறு. ஆளுக்கு மூன்று தட்டு என்றால் 12 தட்டு. நூறு டாலர் போயிருக்கும், வயிறு நிறைந்திருக்காது. டிஸ்னி பூங்காக்களில் வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாட்டிலும் மதுவும்தான் கூடாது. புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். ஐஸ் தண்ணீர் கவுண்டரில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

எப்காட்பைத்தியம்:
புளிசாதம் சாப்பிட ஃப்ளோரிடா வரை போகணுமா அண்ணா? பல வருடமாக நடக்கிற திருவிழா இது. நுழையத் தனி டிக்கெட் கிடையாது, எப்காட் டிக்கெட்டே போதும். ஏரியைச் சுற்றி 11 நாட்டு அரங்குகள் வருடம் முழுக்க இருக்கின்றன. திருவிழா நாட்களில் அந்தப் பாதையிலேயே இன்னும் பல நாட்டுக் கடைகள் சேர்கின்றன. அங்கே உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் ஒருவர் சாப்பிட ஆகும் காசுக்கு, நடந்தபடியே நான்கு நாட்டுப் பண்டத்தை ருசி பார்த்துவிடலாம். சிறிய தட்டு என்பது குறையே இல்லை, அதுதானே வேண்டும்! பிடிக்காவிட்டால் ஒரு தட்டோடு போயிற்று.

கறார்கணக்கு:
வயிறு நிறையாதவர்கள் கடைசியில் பர்கர் வாங்கித்தான் வெளியே வருவார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனாஹெய்ம்வாசி:
கலிஃபோர்னியாவின் அனாஹெய்ம் பக்கம் இந்தச் சண்டை வேறு மாதிரி. இங்கே டிஸ்னி கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவின் திருவிழாவில் 'சிப் அண்ட் சேவர் பாஸ்' விற்கிறார்கள். அதில் எட்டுக் கூப்பன், விலை அறுபது டாலரை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கூப்பன் ஒன்று ஏழரை டாலர். ஒன்பது டாலர் இறைச்சித் தட்டுக்குக் கொடுத்தால் ஒன்றரை டாலர் லாபம். ஆறு டாலர் இனிப்புக்குக் கொடுத்தால் அதே ஒன்றரை டாலர் நஷ்டம். மதுவுக்குக் கூப்பன் செல்லாது. மெனுவில் விலை கூடிய பண்டங்கள் பெரும்பாலும் இறைச்சியும் கடல் உணவும்தான். ஆகவே சைவக்காரர்கள் கூப்பன் வாங்கினால் பக்கத்துத் தட்டுக்கு மானியம் கொடுக்கிற மாதிரி. அசைவத்தில் எட்டையும் யோசித்துச் செலவழிக்கிறவருக்கு மிச்சம் உண்டு, அதுவும் பெரிதாக இல்லை.

இன்னொன்று, எட்டையும் தீர்த்தாக வேண்டும். நான் பார்த்த வரையில் சாயங்காலம் இரண்டு கூப்பன் மிஞ்சும். பசியே இல்லாமல் எதையாவது வாங்குவார்கள். திருவிழா முடிவதற்குள் இன்னொரு நாளும் அதே பாஸைப் பயன்படுத்தலாம், ஆனால் வெளியூர்க்காரருக்கு அந்த இன்னொரு நாள் எங்கே?

பாய்சன்பெர்ரி ரசிகை:
எல்லாக் கூப்பனும் ஒன்றல்ல. பக்கத்திலேயே நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில் பாய்சன்பெர்ரிப் பழத் திருவிழாவுக்கு டேஸ்டிங் கார்டு (முன்கூட்டியே வாங்கும் ருசி அட்டை) உண்டு. அந்தப் பழத்தை 1932இல் விற்கத் தொடங்கி அதற்குப் பெயரும் வைத்தவர் வால்டர் நாட். அந்தப் பழத்தால்தான் அந்தப் பூங்காவே உருவானது. அதனால் திருவிழா பூங்காவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே ஒரே பழத்தை ஆறு விதமாகச் சாப்பிடக் காசு கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கணக்கு மட்டும் பார்க்காதீர்கள் கறார்கணக்கு சார்.

கறார்கணக்கு:
வரலாற்றுக்கு ஏற்கெனவே டிக்கெட் வாங்கியாயிற்று அம்மா.

எப்காட்பைத்தியம்:
:) சரி, வெண்பொங்கல் கேட்டதற்கு வருகிறேன். எப்காட்டில் அனாஹெய்ம் மாதிரி கூப்பன் பாஸ் கிடையாது, தட்டு தட்டாகத்தான் வாங்கணும். அதனால் அந்தக் கவலை விட்டது.

ரெமி வேட்டை: வரைபடம் பத்துப் பன்னிரண்டு டாலர் ஆகும். நாட்டு அரங்குகளில் ஒளிந்திருக்கும் ரெமி பொம்மையைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டணும், முடிவில் ஒரு சின்னப் பரிசு. முழுக்க முடிக்காவிட்டாலும் பரிசு தந்துவிடுவார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒன்றே போதும். ஏரியைச் சுற்றும் ஒன்றேகால் மைல் நடைக்குப் பிள்ளைகளிடமிருந்து முணுமுணுப்பு வராது. எனக்கு இது கொடுக்கத் தகுந்த காசு.

ரெமியின் சகோதரன் எமிலின் சீஸ் சுற்று: இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பட்டியலில் உள்ள ஐந்து சீஸ் பண்டம் வாங்கி முத்திரை வாங்கினால் ஒரு பரிசுத் தீனி. ஐந்து தட்டு வாங்கணுமே என்பதுதான் கட்டணம். சீஸ் பிடிக்கும் என்றால் மட்டும்.

கறார்கணக்கு:
ரெமிக்கு ஒத்துக்கொள்கிறேன். அங்கே எது வாங்கினாலும் பத்து டாலர், பிள்ளைகள் ஒரு மணி நேரம் அடங்கி நடந்தால் போதும். கச்சேரிப் பேக்கேஜ்?

எப்காட்பைத்தியம்:
அது உங்களைப் பொறுத்தது...

கறார்கணக்கு:
நழுவாதீர்கள். 'ஈட் டு தி பீட்' கச்சேரி பூங்கா டிக்கெட்டிலேயே சேர்ந்தது. அமெரிக்க அரங்குக்கு எதிரே திறந்தவெளி மேடை, ஒரு சாயங்காலத்தில் மூன்று முறை கச்சேரி. பேக்கேஜ் என்பது ஓட்டலில் நிர்ணயித்த விலைக்குச் சாப்பிட்டால் இருக்கை உறுதி, அவ்வளவுதான். திருவிழாத் தட்டுகளுக்காக வந்தவர் ஒரு பெரிய சாப்பாட்டைத் தின்று வயிற்றை அடைத்துக்கொண்டு எதற்கு அலையணும்?

அனாஹெய்ம்வாசி:
இதில் கறார்கணக்கு பக்கம் நான். சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டுக் குழு அன்றைக்கு வந்தால் ஒழிய வேண்டாம். வெளியே நின்றாலே பாட்டு காதில் விழும்.

எப்காட்பைத்தியம்:
அந்தக் குழு வந்தால் நான் கொடுப்பேன். கொடுத்தும் இருக்கிறேன், வருத்தமில்லை. எல்லாவற்றையும் தட்டெண்ணிக்கையில் அளக்க முடியாது.

வெண்பொங்கல்:
பேக்கேஜ் வேண்டாம், ரெமி உண்டு. சைவத்துக்கு என்ன செய்வது?

எப்காட்பைத்தியம்:
மெனுவில் தாவர உணவுக்குப் பச்சை இலைக் குறி போட்டிருப்பார்கள். இந்தியக் கடையில் பல வருடமாக 'மதராஸ் ரெட் கறி' கொடுக்கிறார்கள்: காலிஃபிளவர், பேபி கேரட், கொண்டைக்கடலை, பாஸ்மதி சோறு. மதராஸில் எந்தத் தெருவில் அது கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கறார்கணக்கு:
அதற்குப் புளிசாதமே மேல்.

பாய்சன்பெர்ரி ரசிகை:
ஒரு யோசனை. கையில் மாட்டிக்கொள்ளும் குட்டி கிஃப்ட் கார்டு திருவிழாவில் விற்பார்கள். எவ்வளவு செலவழிக்கப் போகிறீர்களோ அதை மட்டும் ஏற்றிக்கொண்டு, கிரெடிட் கார்டைப் பையிலேயே வைத்துவிடுங்கள். மிஞ்சினாலும் வீணாகாது, அதற்குக் காலாவதி இல்லை.

கறார்கணக்கு:
இந்தத் திரியில் வந்த முதல் உருப்படியான யோசனை. எண்பது டாலர் ஏற்றுங்கள், மதியத்துக்கு மட்டும் கட்டுச்சோறு.

வெண்பொங்கல்:
நூறு ஏற்றுகிறேன் சார், பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டுச்சோறும் உண்டு. சனி ஞாயிறு வேண்டாம் என்று செவ்வாய்க்கிழமை பார்த்திருக்கிறேன்.

எப்காட்பைத்தியம்:
நல்ல முடிவு. வார இறுதியில் உள்ளூர்க் கூட்டம் முழுவதும் அங்கேதான், ஒவ்வொரு கடைக்கும் நீண்ட கியூ.

கறார்கணக்கு:
டிஸ்னி ஓட்டலில் தங்குகிறீர்களா, வெளியிலா? வெளியில் என்றால் பார்க்கிங் 30 டாலருக்குக் குறையாது. இவ்வளவு நேரம் பேசினோம், அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.