டெம்போ டிராவலர் கேம்பரில் வீட்டு ஃபிரிட்ஜ்: இன்வெர்ட்டர், பேட்டரி தாங்குமா?

வேன்வாசி:
தங்கிப் பயணிக்க மாற்றிய டெம்போ டிராவலர் வேனில் வைக்க நினைப்பது 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், டைரக்ட் கூல் (உள்ளே ஃபேன் இல்லாதது), சாதாரண கம்ப்ரசர். ஸ்டிக்கரில் வருஷத்துக்கு 160 யூனிட்னு போட்டிருக்கு. வீட்டில் சும்மா கிடக்கும் 850 விஏ ஸ்கொயர் வேவ் (சதுர அலை மின்சாரம் தரும்) இன்வெர்ட்டர், 150 ஏஹெச் டியூபுலர் (லெட் ஆசிட் வகை) பேட்டரி இரண்டையும் வண்டியில் ஏற்றினால் போதுமா? குலுங்கலில் கம்ப்ரசர் போயிடுமா?

செம்புக்கம்பி:
ஸ்கொயர் வேவ் வேண்டவே வேண்டாம். மோட்டார் உறுமும், சூடேறும், சீக்கிரம் கருகும். ஓடும்போது 100 வாட்தான், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் 6–8 மடங்கு இழுக்கும். 1000 வாட் ப்யூர் சைன் (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர், நொடிநேரத்துக்கு 2000 தாங்குவதாகப் பாருங்க.

பேட்டரிக் கணக்கு: 160 யூனிட்டை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 0.44. வெயிலில் நிற்கும் வேனுக்குள் அது இரட்டிப்பாகும்னு வையுங்க, 0.9. பலர் மறப்பது இன்வெர்ட்டர் தானே தின்பதை: 15 வாட் என்றாலும் 24 மணி நேரத்தில் 0.36. ஆக மொத்தம் கிட்டத்தட்ட 1.25 யூனிட். உங்க 12 வோல்ட் டியூபுலரில் இருக்கும் 1.8 யூனிட்டில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, அப்படியானால் கையில் 0.9தான். ஒரு நாளே ஓடாது. 12.8 வோல்ட் 200 ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 2 யூனிட்டுக்கு மேல் எடுக்கலாம்.

ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) பேட்டரிக்கு நேராகக் கம்பி இழுக்காதீங்க. லித்தியம் கணக்கின்றி இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். நடுவில் 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் (அளவாக மட்டும் இழுத்து பேட்டரிக்கு ஏற்றுவது) போடுங்க. 3 மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 1.1 யூனிட் ஏறும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள், நீளம் ஒன்றரை மீட்டருக்குள், பேட்டரி ப்ளஸ் பக்கத்திலேயே 125 ஆம்ப் ஃபியூஸ்.

குளிர்பெட்டி:
குலுங்கலைப் பற்றி: கம்ப்ரசர் உள்ளே ஸ்பிரிங்கில்தான் தொங்குது, தார் ரோட்டுக்குப் பயமில்லை. பெரும்பாலும் முதலில் போவது செம்புக் குழாய் இணைப்புதான். ஃபிரிட்ஜ் ஆடாமல், அடியில் ரப்பர் வைத்து, அகலமான பெல்ட் சுற்றிக் கட்டுங்க. பக்கத் தகட்டில் ஸ்க்ரூ அடிக்காதீங்க! நிறைய மாடலில் கண்டென்சர் (சூட்டை வெளியே விடும்) குழாய் தகட்டுக்குப் பின்னாலேயே ஓடுது, துளைத்தால் கேஸ் காலி. உள்ளே இருப்பது ஆர்600ஏ என்றால் அது தீப்பிடிக்கும் கேஸ் வேறு.

கதவைக் காந்த ரப்பர் மட்டும் பிடிக்காது, முதல் வளைவிலேயே மோர் பாத்திரம் தரையில். வெளியே ஒரு கொண்டி போடுங்க. பின்னால் 10 செ.மீ. இடைவெளியும் மேலே காற்று போக வழியும் இல்லாவிட்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

வேன்வாசி:
இன்வெர்ட்டரில் பவர் சேவ் மோடு (லோடு இல்லாதபோது அது தூங்குவது) போட்டால் அந்த 0.36 மிச்சமாகாதா?

செம்புக்கம்பி:
உங்களது குமிழ் திருகும் தெர்மோஸ்டாட் என்றால் பெரும்பாலும் சரியா வரும். டிஜிட்டல் போர்டு உள்ள ஃபிரிட்ஜில் வராது. போர்டு இழுக்கும் 2 வாட்டை இன்வெர்ட்டர் லோடாகவே எண்ணாமல் தூங்கிவிடும், பால் திரிந்த பிறகுதான் தெரியும்.

குளிர்பெட்டி:
அதைவிட எளிய வழி இருக்கு. வண்டி ஓடும்போது ஃப்ரீசரில் 4 லிட்டர் தண்ணீரைப் பாட்டிலில் முக்கால்வாசி ஊற்றி உறைய வையுங்க. ராத்திரி இரண்டு பாட்டிலைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி, இன்வெர்ட்டரையே அணைத்துவிடலாம். கதவைத் திறக்காவிட்டால் 6 மணி நேரம் தாங்கும். எப்போது அணைத்தாலும் 5 நிமிஷம் கழியாமல் திரும்பப் போடாதீங்க. உள்ளே அழுத்தம் இறங்கியிருக்காது, கம்ப்ரசர் சுற்ற முடியாமல் ஓவர்லோடு (பாதுகாப்பு ஸ்விட்ச்) ட்ரிப் ஆகும்.