காவிரி டெல்டாவின் வரலாற்றைச் சிறுகதைகளாகப் பாட்காஸ்ட்டில் சொல்லும்போது சான்றையும் கற்பனையையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது?

கேள்வி: கும்பகோணம் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். நானும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து, நம் காவிரி டெல்டாவின் வரலாற்றிலிருந்து சிறு நிகழ்ச்சிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் பாட்காஸ்ட் ஒன்றைத் தொடங்கவிருக்கிறோம். தஞ்சாவூருக்கும் மயிலாடுதுறைக்கும் பேருந்தில் போய்வருகிறவர்கள், கடையில் வேலை பார்த்தபடியே கேட்கிறவர்கள், வரலாற்று நூல்களைத் தேடிப் படிக்க நேரமில்லாதவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே எழுதுகிறோம்.

முதல் பகுதியைப் பற்றியே எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்துவிட்டது. முதலாம் இராசராசனின் அண்ணனான சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையை எடுத்துக்கொண்டு, சதிகாரர்கள் இரவில் கூடிப் பேசுவதுபோல் உரையாடல் எழுதலாம் என்கிறார் ஒருவர். கல்லணையையும் சங்ககாலக் கரிகாலனையும் வைத்துத் தொடங்கினால்தான் மக்கள் காதுகொடுப்பார்கள் என்கிறார் மற்றவர். என் கவலை வேறு. நூலில் அடிக்குறிப்பு போடலாம். காதால் கேட்பவருக்கு அதற்கு வழியில்லை. நாங்கள் புனைந்து சேர்த்த ஒரு வாக்கியத்தை ஒருவர் நடந்ததாகவே நம்பித் தம் பிள்ளைகளுக்குச் சொன்னால், அதற்கு நாங்கள்தாம் பொறுப்பு. உரையாடலைப் புனையலாமா, சான்றுகளைக் கேட்பவர் சலிக்காதபடி எப்படிச் சொல்வது, எந்த நிகழ்ச்சியில் தொடங்குவது என்பவை பற்றி அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: தஞ்சைக் கல்வெட்டு ஆர்வலர்

நல்ல முயற்சி. உரையாடலைப் புனைய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. காரணத்தை உங்கள் நண்பர் விரும்பும் அந்தக் கொலையை வைத்தே சொல்கிறேன்.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் வெட்டப்பட்டது அது. சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரை ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆனால் அடிப்படையில் அது ஒரு நில ஆவணம். கொலைச் செய்தி அதனுள் ஒரு விளக்கமாக வந்துபோகிறது. குற்றவாளிகளின் தம்பிமார், மக்கள், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு உடன்பிறந்த மாமன்மார், அவர்களுடைய உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள் என்று, யார் யாருடைய உடைமையெல்லாம் இந்த நடவடிக்கையில் சிக்கின என்பதை அது வரிசையாக அடுக்குகிறது. கொலைக்கான காரணத்தையோ பின்னால் இருந்து தூண்டியவரையோ அந்தக் கல் சொல்லவில்லை. ஒரு கொலைக்காக இத்தனை ஆண்டு கழித்து ஒரு சுற்றமே நிலத்தை இழந்தது என்பதைவிடக் கனமான காட்சியை எந்தப் புனைந்த உரையாடல் தந்துவிடும்? அந்த உறவுமுறைப் பட்டியலை நிதானமாக வாசித்துக் காட்டினாலே போதும்.

ஆயினும் முதல் பகுதிக்கு நான் பரிந்துரைப்பது பெரிய கோயிலின் ஒரு விளக்கை. அங்கே ஒரு நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய நாள்தோறும் ஓர் உழக்கு (பழைய முகத்தலளவை) நெய் வேண்டும். அதற்காக 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள். ஆடு சாகும், கிழமாகும்; இடையரோ குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் நிறுத்தி, நெய்யை அளந்துகொண்டே இருக்க வேண்டும். பொறுப்பேற்ற இடையர்களின் பெயர்களும் கல்லில் உள்ளன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு மேய்ப்பரின் பெயரை உங்கள் குரலில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். பேருந்தில் போகிறவர் ஒரு கணம் காதைத் தீட்டிக்கொள்வார்.

அதே கோயிலில் ஆடல்மகளிர் 400 பேரின் பட்டியலும் இருக்கிறது. அவர்கள் குடியிருந்த தளிச்சேரியில் தென்சிறகு, வடசிறகு என்று எந்த வரிசையில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பது வரை அதில் உண்டு. திருவாரூரிலிருந்து வந்தவர்கள் பலர். ஒருவருக்கு உரிய ஊதியப் பங்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒரு பகுதிக்கு இதில் ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டாலே நிறைவாக இருக்கும்.

மறுமொழி: திருவையாறு, ஒலிப்பதிவுத் தொழில் செய்பவர்

ஐயா சொன்னதற்கு ஒலி வழியாக ஒரு வழி இருக்கிறது. கல்வெட்டு அல்லது ஆவணத்தின் வாசகம் வரும் இடத்தில் வேறொருவர் குரலில் வாசியுங்கள். கதை சொல்லும் குரல் அந்த வாசகத்தைத் தொட வேண்டாம். செவிவழி வந்த செய்தியாக இருந்தால் 'ஊரில் சொல்லிவருகிறார்கள்' என்று ஒவ்வொரு முறையும் ஒரே சொற்றொடரால் தொடங்குங்கள். இரண்டு மூன்று பகுதிகளுக்குள் கேட்பவருக்கு அது பழகிவிடும். வாள் மோதும் ஓசை, குதிரைக் குளம்பொலி போன்றவற்றைத் தவிர்க்கவும், அவையும் கற்பனைதான்.

கல்லணையை நண்பர் கைவிட வேண்டியதில்லை, உறுதியான முனையிலிருந்து தொடங்கினால் போதும். கரிகாலன் காவிரிக்குக் கரை எடுப்பித்த செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அணையை அவனே கட்டினான் என்பது மரபு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் படுகை மணல் மேவி உயர, அதிலிருந்து பிரியும், சரிவு மிகுந்த கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் போடும் முறையை இந்நாட்டாரிடமிருந்தே கற்றதாகப் பின்னாளில் எழுதினார். அந்த அறிவுதான் கோதாவரியில் தவிளேசுவரம் அணை வரை போயிற்று. அந்தப் பகுதியின் தொடக்கத்தில் கல்லணை மதகில் தண்ணீர் விழும் ஓசையைப் பதிவு செய்து சேர்க்கலாம். அது மெய்யான ஓசை.

மறுமொழி: பொறையாறு வாசகி

அரசர்களுக்கு வெளியேயும் பாருங்கள். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த செருமானிய மதபோதகர் சீகன்பால்கு, செருமனியில் வார்த்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்ததால் காகிதம் மிகுதியாகச் செலவாவதைக் கண்டு, இங்கேயே சிறிய எழுத்துகளை வார்க்கச் செய்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். காகிதத் தட்டுப்பாட்டுக்காக எங்கள் ஊரில் காகித ஆலையும் அமைந்தது. ஒரு பகுதிக்கு இதுவே போதும்.

மறுமொழி: நாகை மாவட்டப் பள்ளி ஆசிரியை

இருபதாம் நூற்றாண்டையும் மறவாதீர்கள். 1930 ஏப்ரல் 13 அன்று இராசாசி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகிகள் உங்கள் கும்பகோணம் வழியாகத்தான் வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். கொடுத்தவர் யார் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளப்பட்டது. அந்த மரக்கிளையில் தொங்கும் பொட்டலத்திலிருந்து கதையைத் தொடங்கினால் பிள்ளைகள் விடாமல் கேட்பார்கள்; வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நெல்லளந்த கல்வெட்டுகளைப் பேசும் நாம், அந்த நெல்லை விளைவித்தவர்களைப் பேசாமல் விட்டால் டெல்டாவின் வரலாறு பாதிதான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. இதை நீங்கள் சொல்ல வேண்டும்; ஆனால் பின்னணி இசை, நாடகக் குரல் எதுவும் வேண்டாம். உறவுகளை இழந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் இந்த மண்ணில் இருக்கின்றன. முதலில் அவர்களைச் சந்தித்து, எதைச் சொல்லலாம் என்று கேட்டு, அதன்பின் எழுதுங்கள். இந்தப் பகுதி பன்னிரண்டு நிமிடத்தில் அடங்காவிட்டால் நேரத்தை நீட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்: கும்பகோணம் வாசகர்

அனைவருக்கும் நன்றி. நண்பர்களிடம் பேசினேன். உரையாடல் புனைவதில்லை என்று முடிவாகிவிட்டது. உடையார்குடிப் பகுதியை உறவுமுறைப் பட்டியலோடு எழுத அந்த நண்பரே ஒப்புக்கொண்டார். முதல் பகுதி விளக்கும் ஆடுகளும்தாம். வாசகங்களை வேறு குரலில் படிக்க நண்பரின் தாயார் இசைந்திருக்கிறார். கீழ்வெண்மணியைப் பொறுத்தவரை, ஆசிரியை அம்மா சொன்னபடி முதலில் நேரில் போய்க் கேட்கிறோம். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் எதையும் ஒலிபரப்ப மாட்டோம். தஞ்சை ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: இடையர்களின் பெயர்களை எப்படி ஒலிப்பது என்பதில் எங்களுக்கு ஐயம் இருக்கிறது. பதிவுக்கு முன் வரைவை இங்கே இடுகிறேன், பார்த்துத் திருத்தித் தர இயலுமா?

மறுமொழி: தஞ்சைக் கல்வெட்டு ஆர்வலர்

அவசியம் பார்த்துத் தருகிறேன். பெயரோடு ஊரின் பெயரும் வரும் இடங்களில் அதையும் விடாமல் எழுதுங்கள். அந்த ஊர்க்காரர் எவரேனும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும்.