ஆர்எக்ஸ்-8 ரோட்டரி எஞ்சின்: பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்தபின் புகையும் மிஸ்ஸிங்கும், உதவி தேவை

கேள்வி (மெல்பர்னிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன் 2005ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றை, 1,18,000 கி.மீ. ஓடியிருந்த நிலையில், வாங்கினேன். ஆறு கியர் மேனுவல் வண்டி. ரோட்டரி எஞ்சினின் சீல்களுக்கு ஆயில் பசை போதாது என்றும், அதனால் பலர் பெட்ரோல் போடும்போதே டூ-ஸ்ட்ரோக் ஆயிலையும் சேர்த்து ஊற்றுகிறார்கள் என்றும் படித்ததால், போன வாரம் நானும் அவ்வாறே செய்தேன்.

எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. ஈரோட்டில் அப்பாவின் ஸ்கூட்டருக்குப் பங்கில் லிட்டருக்கு 20 மி.லி. என்று ஆயில் அளந்து விடுவதைச் சிறு வயது முழுவதும் பார்த்து வளர்ந்தவன் நான். டேங்கில் ஏறத்தாழ 15 லிட்டர் மீதம் இருந்தது. புதிதாக 45 லிட்டர் போட்டு, அதற்குக் கணக்காக 900 மி.லி. ஆயில் ஊற்றினேன்.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தபோது நீல நிறத்தில் புகை எழுந்து வாசல் முழுவதும் நின்றது. இரண்டாம் நாள் நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போது வண்டி குலுங்கி, இழுவை இல்லாமல் போய், எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. ஸ்கேனரில், மிஸ்ஸிங்கை, அதாவது எரிபொருள் சரியாகப் பற்றாமல் விட்டுப்போவதைக் குறிக்கும் பி0300 என்ற குறியீடு வந்தது. எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்தி மீண்டும் ஸ்டார்ட் செய்தால் நீண்ட நேரம் சுற்றுகிறது. இது ஆயில் ஊற்றுவதற்கு முன்பிருந்தே சிறிது உண்டு. டேங்கைக் காலி செய்ய வேண்டுமா? எஞ்சினைக் கெடுத்துவிட்டேனா? ஆயில் கலப்பதானால் வண்டியில் உள்ள ஆயில் மீட்டரிங் பம்பைத் துண்டித்திருக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (ஆக்லாந்திலிருந்து, ரோட்டரி எஞ்சின் பட்டறையில் பணிபுரிபவர்)

தம்பி, முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். விளக்கு நிலையாக எரிவது ஒன்று, மின்னுவது வேறு. மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று பொருள். அதன் உள்ளே தேன்கூடு போல உள்ள பகுதி உருகி அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியின்றி வெப்பம் எஞ்சினுக்கே திரும்பும். ஆயில் குறைவால் கெட்டது என்று எங்களிடம் கொண்டுவரப்பட்ட ஆர்எக்ஸ்-8 எஞ்சின்களில் பலவற்றுக்கு உண்மையான காரணம், மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்ட ஒரு காயிலும் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) அதனால் அடைத்துப்போன கன்வெர்ட்டரும்தான்.

இனி அளவுக்கு வருகிறேன். ஸ்கூட்டரின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங், பிஸ்டன், சிலிண்டர் சுவர் ஆகிய எல்லாவற்றுக்கும் பெட்ரோலோடு வரும் ஆயில் ஒன்றுதான் ஆதாரம். தனியாக ஆயில் சம்ப், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, கிடையாது. அதனால்தான் லிட்டருக்கு 20 மி.லி. தேவைப்பட்டது. உங்கள் ரோட்டரி எஞ்சினில் அப்படி இல்லை. கிராங்க் ஷாஃப்ட்டின் இடத்தில் உள்ள எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டின் பேரிங்குகளுக்கு மற்ற கார்களைப் போலவே சம்ப்பிலிருந்து அழுத்தத்தோடு ஆயில் போகிறது; ரோட்டாரின், அதாவது பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோணப் பாகத்தின், உட்புறம் குளிர்வதும் அதே ஆயிலால்தான். எரிபொருள் எரியும் அறைக்குள் உரசிக்கொண்டு ஓடும் சீல்களுக்கு மட்டுமே தனி ஏற்பாடு தேவை. அந்த ஏற்பாடுதான் ஆயில் மீட்டரிங் பம்ப். எஞ்சினின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப, சம்ப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ஆயிலை எடுத்து, ரோட்டார் சுழலும் கூடான ஹவுசிங்குக்குள் விடுகிறது. ஆகவே பம்ப் வேலை செய்யும் வண்டியில் பெட்ரோலில் கலப்பது கூடுதல் பாதுகாப்புக்காக மட்டுமே. லிட்டருக்கு 4 முதல் 5 மி.லி. போதும், 60 லிட்டர் டேங்குக்கு 240 முதல் 300 மி.லி. வரை. நீங்கள் ஊற்றியதோ மொத்த டேங்குக்குக் கணக்கிட்டால் லிட்டருக்கு 15 மி.லி., அதாவது மூன்று மடங்கு. பம்ப் விடும் ஆயில் அதற்கு மேல். பம்பைத் துண்டிக்க வேண்டாம். அதைக் கழற்றிய பந்தய வண்டிகளில்தான் லிட்டருக்கு 10 மி.லி.யும் அதற்கு மேலும் கலக்கிறார்கள். அங்கும் ஒருமுறை கலக்க மறந்தால் எஞ்சின் போய்விடும்.

எஞ்சினைக் கெடுத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆயில் மிகுந்ததால் சீல் தேயாது. ஆனால் பெட்ரோலின் ஆக்டேன் சற்றுக் குறையும், ஸ்பார்க் பிளக் நனைந்து கரி பிடிக்கும். டேங்கில் பாதியை எடுத்துவிட்டு வெறும் பெட்ரோல் நிரப்புங்கள், அளவு 7.5 மி.லி.க்கு இறங்கிவிடும், அது ஓடித் தீரட்டும். முன் இடது சக்கரத்தைக் கழற்றினால் நான்கு பிளக்குகளுக்கும் கை எட்டும். ஒவ்வொரு ரோட்டாருக்கும் கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். இரண்டும் வெவ்வேறு வகை என்பதால் இடம் மாற்றிப் பொருத்திவிடக் கூடாது. ஒவ்வொன்றும் எந்த இடத்திலிருந்து வந்தது என்று குறித்துவைத்து, முனையின் நிறத்தைச் சொல்லுங்கள்.

மறுமொழி (லண்டனிலிருந்து)

மேலே பதில் எழுதிய அண்ணாவின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் இந்தக் கலக்கும் வழக்கமே தேவையற்றது என்பது என் உறுதியான எண்ணம். பெட்ரோலில் ஆயில் கலக்கும்படி மாஸ்டா ஆர்எக்ஸ்-8 உரிமையாளர்களிடம் கேட்டதில்லை. ஒன்பது ஆண்டுகளாக நான் ஒரு சொட்டும் கலக்காமல் ஓட்டுகிறேன். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்ப்பது, பிளக்கையும் காயிலையும் காலத்தில் மாற்றுவது, நன்றாகச் சூடான பிறகு வாரம் ஒரு முறையாவது முழு வேகத்துக்குச் சுழலவிட்டுக் கரியை எரிப்பது ஆகிய மூன்றையும் தவறாமல் செய்கிறேன், அவ்வளவுதான். அளவு தெரியாமல் ஊற்றினால் என்ன நேரும் என்பதற்கு இந்தக் கேள்வியே சான்று. ஆக்சிஜன் சென்சாரும் கன்வெர்ட்டரும் விலை மலிந்த பொருள்கள் அல்ல.

மறுமொழி (ஆக்லாந்திலிருந்து)

நீங்கள் சொன்ன மூன்றும் கலப்பதைவிட முக்கியமானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காயில் கெட்ட வண்டியில் எவ்வளவு ஆயில் கலந்தும் பயனில்லை. ஆனால் தேவையே இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. அதற்குக் காரணம் நான் பிரித்துப் பார்த்த எஞ்சின்கள்.

2003 முதல் ஆர்எக்ஸ்-8இல் வந்த ரெனிசிஸ் எஞ்சினில் ஒரு ரோட்டாருக்கு இரண்டே ஆயில் துளைகள். அவை ஹவுசிங்கின் அகலத்தில் இரு ஓரங்களை நோக்கி அமைந்தவை. நடுப்பகுதிக்கு ஆயில் பரவித்தான் வர வேண்டும். 2009ஆம் ஆண்டு மாடலில் மாஸ்டாவே நடுவில் மூன்றாவது துளை ஒன்றைச் சேர்த்தது. போதுமானதாக இருந்திருந்தால் சேர்த்திருக்க மாட்டார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதிக கி.மீ. ஓடிய பழைய மாடலின் முனை சீலை, அதாவது நாம் ஏபெக்ஸ் சீல் என்று சொல்லும் அந்த 2 மி.மீ. தடிப்புள்ள பட்டையை, கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்: இரு முனைகளும் தகட்டைத் தொட்டிருக்கும், நடுவில் ஒரு கீற்று ஒளி புகும். பெட்ரோலோடு வரும் ஆயில் அறை முழுவதும் ஆவியாகப் பரவுவதால் அந்த நடுப்பகுதிக்கும் போய்ச் சேர்கிறது.

இன்னொன்று. சம்ப்பில் இருக்கும் ஆயில் எரிவதற்காகச் செய்யப்பட்டதன்று. அதில் உள்ள கால்சியம், துத்தநாகச் சேர்மங்கள் எரிந்தால் சாம்பலாகத் தங்கும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் எரிவதற்கென்றே செய்யப்பட்டது. அதனால்தான் சிலர் சோன் அடாப்டரைப் பொருத்தி, தனிச் சிறு டேங்கிலிருந்து டூ-ஸ்ட்ரோக் ஆயிலையே மீட்டரிங் பம்புக்குக் கொடுக்கிறார்கள். என் பார்வையில் அதுவே நேர்த்தியான வழி. செலவும் வேலையும் கூடுதல் என்பதால் எல்லோருக்கும் சொல்வதில்லை.

அதே வேளையில், சீல் பழுது எல்லாவற்றையும் ஆயில் குறைவின் தலையில் கட்டுவதும் சரியன்று. 1960களில் ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்திடம் உரிமம் பெற்று மாஸ்டா இந்த எஞ்சினைச் செய்தபோது, ஹவுசிங்கின் உட்சுவரில் வரிவரியாகப் பள்ளம் விழுந்தது; அவர்கள் அதைப் பேயின் நகக்கீறல் என்றே அழைத்தார்கள். மாஸ்டா பொறியாளர் கெனிச்சி யாமமோட்டோவின் குழு கண்டறிந்த காரணம் சீலின் அதிர்வு. சீலின் பொருளையும் வடிவத்தையும் மாற்றிய பிறகே 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது.

கேள்வி கேட்டவர் (மெல்பர்னிலிருந்து)

ஐயா, நீங்கள் சொன்னபடி சனிக்கிழமை பாதி டேங்கைக் காலி செய்து, பிளக்குகளைக் கழற்றினேன். முன் ரோட்டாரின் இரண்டும் கருத்திருந்தாலும் காய்ந்தே இருந்தன. பின் ரோட்டாரின் லீடிங் மங்கிய பழுப்பு. அதன் டிரெய்லிங் பிளக்கில் மட்டும் முனை தெரியாத அளவுக்குக் கரிய பசை. விரலில் தேய்த்தால் மை போல ஒட்டியது, பெட்ரோல் வாடையும் வீசியது. அந்தக் காயிலை முன் ரோட்டாரின் காயிலோடு இடம் மாற்றிப் பொருத்தி, வீட்டு வாசலிலேயே ஓடவிட்டபோது மிஸ்ஸிங் முன் ரோட்டாருக்குப் போய்விட்டது. கழற்றிப் பார்த்ததில் காயிலின் அடிப்பகுதியில் மயிரிழை போன்ற விரிசல். நான்கு காயில்களையும் நான்கு பிளக்குகளையும் மாற்றிவிட்டேன். குலுக்கல் அடியோடு நின்றது.

ஒரு ரோட்டரி பட்டறையில் கம்ப்ரஷனும், அதாவது எஞ்சின் அறைக்குள் உண்டாகும் அழுத்தமும், பார்க்கச் சொன்னேன். நிமிடத்துக்கு 250 சுற்றுக்குக் கணக்கிட்டுத் தந்த அளவு கிலோபாஸ்கலில்: முன் ரோட்டார் 730, 720, 740, பின் ரோட்டார் 700, 690, 710. இது நல்லதா, கெட்டதா? மேலும், கடையில் படகு மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 ஆயிலும், மோட்டார் சைக்கிளுக்கான ஜாசோ எஃப்டி ஆயிலும் இருக்கின்றன. எதை வாங்குவது?

மறுமொழி (ஆக்லாந்திலிருந்து)

புதிய எஞ்சினுக்கு 830, குறைந்தபட்சம் 680 என்பது மாஸ்டாவின் கணக்கு. ஒரே ரோட்டாரின் மூன்று முகங்களுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லாததால் எந்தச் சீலும் உடையவோ ஒட்டிக்கொள்ளவோ இல்லை; சீரான தேய்மானம் மட்டுமே. பின் ரோட்டார் எல்லைக் கோட்டுக்கு அருகில் நிற்கிறது, சூடான ஸ்டார்ட்டிங் தாமதத்துக்கு அதுவே பெருமளவு காரணம். பெட்ரோலில் ஆயில் கலப்பதால் இந்த எண் உயராது என்பதை மனத்தில் வையுங்கள். தேய்வதன் வேகத்தைக் குறைக்கலாம் என்பதே நம் எதிர்பார்ப்பு. உங்கள் வண்டியில் பழைய ஸ்டார்ட்டர் மோட்டாரே இருந்தால் மாற்றிப் பாருங்கள். மாஸ்டா பின்னர் வேகமாகச் சுழற்றும் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தது, அதனால் நல்ல பலன் கிடைக்கும்.

ஆயிலைப் பொறுத்தவரை, டிசி-டபிள்யூ3 சாம்பல் விடாத வகை. ஆனால் குறைந்த வெப்பத்தில் ஓடும் படகு மோட்டாரை நினைத்துச் செய்தது. ஜாசோ எஃப்டி உயர் வெப்பத்தைத் தாங்கும், புகையும் குறைவு. முழுச் செயற்கை எஃப்டி வகையை நான் தேர்ந்தெடுப்பேன். எதுவாயினும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயிலைப் பெட்ரோலில் ஊற்றிவிடாதீர்கள். ஆயிலை முதலில் ஊற்றி, அதன் மேல் பெட்ரோல் போடுங்கள். பம்பின் வேகத்திலேயே கலந்துவிடும். எத்தனால் கலந்த இ10 பெட்ரோலைத் தவிர்த்து, பிரீமியமே போடுங்கள்.

மீட்டரிங் பம்ப் வேலை செய்கிறதா என்பதற்கு எளிய சோதனை டிப்ஸ்டிக்தான். இந்த எஞ்சின் ஆயில் குடிக்கும்படியே செய்யப்பட்டது, ஆயிரம் கி.மீ. ஓடியும் அளவு அப்படியே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

மறுமொழி (லண்டனிலிருந்து)

காயில் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. கண்ணாடித் தகட்டில் நடுவில் ஒளி புகும் என்று அண்ணா எழுதியதைப் பற்றி இரண்டு நாள்களாக யோசிக்கிறேன். என் வண்டியும் 2006ஆம் ஆண்டு மாடல்தான். அடுத்த முறை கம்ப்ரஷன் பார்த்துவிட்டு முடிவெடுப்பேன். கேள்வி கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள்: வண்டியை வாசலிலிருந்து ஓரமாக நகர்த்துவதற்காக மட்டும் ஸ்டார்ட் செய்து உடனே நிறுத்திவிடாதீர்கள். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் மிகுந்து ஹவுசிங்கில் தங்கி, சீல்களின் ஆயில் பசையைக் கழுவிவிடும். அப்படி நேர்ந்து ஸ்டார்ட் ஆகாவிட்டால், ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தியபடி சுற்றவிடுங்கள். பெட்ரோல் வருவது நின்று, உள்ளே இருப்பது வெளியேறும்.

கேள்வி கேட்டவர் (மெல்பர்னிலிருந்து, நான்கு வாரங்களுக்குப் பின்)

இதுவரை 1,300 கி.மீ. ஓடிவிட்டது. குழந்தைகளுக்கு மருந்து அளக்கும் குவளை ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். 40 லிட்டர் போட்டால் 160 மி.லி., அதற்கு மேல் இல்லை. காலையில் புகை இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டிலிருந்து ஏறத்தாழ பாதி இறங்கியிருந்தது. ஆயில் குறைந்ததைப் பார்த்து நிம்மதி அடைந்தது இதுவே முதல் முறை. ஸ்டார்ட்டர் மாற்றியபின் சூடான எஞ்சினும் இரண்டு விநாடிக்குள் உயிர்பெறுகிறது. நேற்று பின் ரோட்டாரின் டிரெய்லிங் பிளக்கை மட்டும் கழற்றிப் பார்த்தேன்: காய்ந்து, கருப்பட்டி நிறத்தில் இருக்கிறது. 10,000 கி.மீ. ஆனதும் அதே பட்டறையில் கம்ப்ரஷன் பார்த்து, ஆறு எண்களையும் இந்த இழையிலேயே பதிவேன். பொறுமையாக வழிகாட்டிய இருவருக்கும் என் நன்றி.