பச்சை அவென்ச்சுரின்: ஜேடுக்கு மாற்றா, தனிக் கல்லா?

பாசிமணி:
பச்சை அவென்ச்சுரினை "இந்திய ஜேட்" என்று விற்கிறார்கள். ஜேட் என்பது நகைக்குப் பயன்படும், பெரும்பாலும் பச்சையான விலையுயர்ந்த கல். இது ஜேடே இல்லை, குவார்ட்ஸ் எனும் படிகக்கல் வகை. ஜேடின் உறுதியும் இதற்குக் கிடையாது. மெல்லிய வளையலாகக் கடைந்தால் எங்காவது இடித்தாலே உடைந்துவிடும். பச்சையாக இருப்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

சாணைக்கல்:
ஜேட் என்று சொல்லி விற்பது ஏமாற்றுதான். அதற்காகக் கல்லைக் குறை சொல்லாதீர்கள். வெயிலில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், உள்ளே பொடிப்பொடியாக மின்னும். குவார்ட்ஸ் துகள்களுக்கு நடுவே கிடக்கும் ஃபுக்சைட், அதாவது குரோமியம் கலந்த காக்காப்பொன். பச்சையும் அதனால்தான், மினுக்கும் அதனால்தான். ஜேடில் இந்த மினுக்கு வராது. கடினம்? கீறலைத் தாங்கும் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் இது 6.5 முதல் 7; ஜேடின் ஒரு வகையான நெஃப்ரைட்டே 6 முதல் 6.5தான்.

பாசிமணி:
கடினம் வேறு, உடையாமல் தாங்குவது வேறு சார். கீறல் விழாத கல்லும் கீழே விழுந்தால் உடையும். நெஃப்ரைட்டின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் அந்தக் காலத்தில் அதில் கோடரியே செய்தார்கள். அவென்ச்சுரினில் அந்தப் பின்னல் இல்லை. காக்காப்பொன் செதில் அதிகமுள்ள கல்லை மெருகேற்றிப் பாருங்கள், செதில் பெயர்ந்து குழிகுழியாக நிற்கும்.

சாணைக்கல்:
அது கல்லைப் பொறுக்குவதில் இருக்கிறது. செதில் பொடியாக, சீராகப் பரவிய துண்டாக எடுங்கள். தண்ணீர் குறையாமல், அழுத்தாமல் சாணை பிடித்தால் நன்றாகவே மெருகேறும். அப்புறம், செதில்கள் பெரும்பாலும் ஒரே தளத்தில் படிந்திருக்கும். கல்லின் அடிப்பக்கம் அந்தத் தளத்துக்கு இணையாக வரும்படி அறுத்தால் மினுக்கு நேராக மேலே தெரியும். பாசி, பதக்கம், சிறு கிண்ணம் எல்லாவற்றுக்கும் அருமையான கல். வளையலுக்கு நானும் சொல்லமாட்டேன்.

நீலவானம்:
குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் வருமே, கடிகாரத்திலும் வைக்கிறார்களே. அந்தச் சக்திதான் அவென்ச்சுரின் அணிந்தால் உடம்புக்குக் கிடைக்கிறது.

பாசிமணி:
கடிகாரத்தில் இருப்பது திசை பார்த்து அறுத்த ஒற்றைப் படிகம். அவென்ச்சுரினில் எண்ணற்ற துகள்கள் ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. ஒன்றின் விளைவை இன்னொன்று அழித்துவிடும். அழகுக்கு அணியுங்கள். நோய்க்கு மருத்துவரைப் பாருங்கள்.

சாணைக்கல்:
சரி, இதில் எனக்கும் அதே கருத்துதான். ஜேட் என்று யாராவது கொடுத்தால் காற்றில் ஒரு முறை, தண்ணீரில் தொங்கவிட்டு ஒரு முறை எடை போட்டு அடர்த்தியைக் கணக்கிடுங்கள். தண்ணீரைப்போல் அவென்ச்சுரின் சுமார் 2.65 மடங்கு, நெஃப்ரைட் 2.95 மடங்கு, ஜேடின் இன்னொரு வகையான ஜேடைட் 3.3 மடங்கு வரும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், சாயம் ஏற்றிய குவார்ட்ஸும் பச்சைதான். உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் விரிசல்களில் சாயம் தேங்கி நிற்பது தெரியும்.